கலங்களைக் கொன்ற தண்ணீர்

முசுட்டை இலை புற்றுநோயைக் கொல்லும் என்று எங்கள் பணிப்பாளர் தம்பிஐயா கண்டுபிடித்தபோது, அரியாலையில் இருந்த எங்கள் ஆய்வுகூடம் முழுவதும் மகிழ்ந்தது. முழுவதும் என்றால் மூன்று பேர். அவர், தட்டுகளைத் தயார் செய்யும் ஜெசிதா, நான்.

நான் எழுதிய மென்பொருளின் வேலை எளிது. சிறு குழிகள் கொண்ட தட்டில் புற்றுநோய்க் கலங்களை, அதாவது உயிரணுக்களை, வளர்த்து, ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு இலைச்சாறு விடுவோம். நுணுக்குக்காட்டி படம் எடுக்கும். செத்த கலம் சாயம் ஏறிச் சிவப்பாகத் தெரியும். மென்பொருள் சிவப்பை எண்ணும்.

அந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. நல்ல பெறுபேறு வந்தால் நீட்டுவதாகத் தம்பிஐயா சொல்லியிருந்தார். வந்ததோ மிக நல்ல பெறுபேறு. வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு அனுப்ப இருந்தார்.

சில குழிகளில் ஒப்பீட்டுக்காக வெறும் தண்ணீர் விடுவது வழக்கம். அவற்றை யாரும் பார்ப்பதில்லை. போன மாதத் தண்ணீர்க் கணக்கையே போட்டால் போதும் என்பது பணிப்பாளரின் சிக்கனம். பேச ஆளில்லாத ஒரு மத்தியானம் நான் அவற்றைத் திறந்து பார்த்தேன். தண்ணீரும் கொன்றிருந்தது. முசுட்டையை விடக் கொஞ்சம் கூடுதலாகவே.

எழுந்துபோய் நுணுக்குக்காட்டியைப் பார்த்தேன். அதன் நெற்றியில், சரசுவதி பூசையான வாணிவிழாவுக்குத் தம்பிஐயா தன் கையால் வைத்த சந்தனமும் குங்குமமும். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நேர் கீழே, மூடி கழற்றிய தட்டு.

"ஜெசிதா, இதைத் துடைக்கேல்லையோ?"

"நான் வேதக்காரி அண்ணை, சேர்ச்சுக்குப் போறவள். நான் துடைச்சால் அது வேறை பிரச்சினையாப் போகும்." அவள் சிரிக்காமல் சொன்னாள். "தூசு உதிருது எண்டு அண்டைக்கே தம்பிஐயா சேரிட்டைச் சொன்னனான். அது தூசில்லை, பிரசாதம் எண்டார்."

படங்களோடு தம்பிஐயாவிடம் போனேன்.

"உந்தத் தண்ணீர்க் குழியளை ஏன் ஐசே பார்த்தனீர்?"

"அனுப்பினால் அவையள் தங்கடை இடத்திலை திருப்பிச் செய்து பார்ப்பினம், சேர்."

"அவையளிட்டைக் குங்குமமும் இராது" என்றார் கவலையோடு.

படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் ஒப்பந்தமும் அவர் கையில்தான் இருந்தது.

"படத்திலை குங்குமம் இருக்கிறது பிழையில்லை" என்றார் கடைசியில். "உம்மடை மென்பொருளுக்குக் குங்குமம் தெரியாததுதான் பிழை."

வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக்குப் போனது முசுட்டை அல்ல. மென்பொருளில் சிறு கோளாறு, திருத்துகிறோம் என்ற செய்தி. கோளாறுக்குக் காரணமான என்னையே திருத்தவும் வைத்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் ஆறு மாதம் நீண்டது.

மென்பொருளுக்குக் குங்குமத்தைப் படிப்பிக்க நிறையக் குங்குமப் படங்கள் வேண்டும். அதனால் நுணுக்குக்காட்டியை யாரும் துடைக்கக் கூடாது என்று உத்தரவு. உதிர்ந்து குறைந்தால் தம்பிஐயாவே புதிதாக வைத்துவிடுகிறார்.

நேற்றுத் தட்டை வைக்க வந்த ஜெசிதா இயந்திரத்தின் நெற்றியில் புதிதாக இருந்த மூன்று வெள்ளைக் கோடுகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள்.

"அண்ணை, திருநீறு என்ன நிறத்திலை தெரியும்?"