துரையின் கயிறு

லோரி பின்பக்கமாகச் சந்துக்குள் நுழைந்ததுமே கூடாரத்திலிருந்த பெண்கள் எழுந்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். சவ வண்டி வந்துவிட்டதென்று நினைப்பு. பிரேமாவதி அத்தை கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, "அண்ணே, எங்கள விட்டுட்டுக் கெளம்பிட்டியா!" என்று வாசலுக்கே ஓடினாள். லோரியின் பின்கதவில் சாணியும் வைக்கோலும் காய்ந்து ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் அவள் குரல் நின்றது.

ஓட்டி வந்தவன் இறங்கித் தொப்பியைக் கழற்றினான். "புவனேசங்க. சசி அண்ணன் போன் பண்ணாரு, குதிரைய ஏத்திக்கச் சொல்லி."

உமாராணி உள்ளே அப்பாவின் நெற்றியில் விபூதி பூசிக்கொண்டிருந்தாள். விரலைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பாக்கார் ஆராங்கின் காலை நெரிசலில் பெரிய பெரிய லோரிகளையே ஓரங்கட்டிப் பழகியவள். இது எந்த மூலைக்கு?

"எஞ்சின நிறுத்துங்க தம்பி," என்றாள். "இங்க யாரும் எதையும் ஏத்தல."

அவள் அப்பா வீரசாமி அன்று விடியற்காலையில் தூக்கத்திலேயே போயிருந்தார். ஆயுள் முழுக்கப் பினாங்குப் பந்தயத் திடலில் குதிரைக்காரராக இருந்தவர். ஓய்வு பெற்றுத் திகாம் பத்துவுக்கு வந்தபோது, ஓட்டம் நின்றுபோய் யாருக்கும் வேண்டாததாகிவிட்ட ஒரு செம்பழுப்புக் குதிரையையும் கூடவே கொண்டுவந்தார். பந்தயத்தில் அதற்கு இருந்த இங்கிலீஷ் பெயர் இந்த ஊரில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. துரை என்று வைத்துவிட்டார். தோட்டத்துத் துரையைக் கண்டால் அப்பன்காரன் கைகட்டி ஓரமாக நின்றதைப் பார்த்து வளர்ந்த மனிதர் அவர். துரையைக் குளிப்பாட்டுவதிலும், துரையை அதட்டுவதிலும், துரையின் சாணியை அள்ளுவதிலும் அவருக்குக் கிடைத்த சுகம் கடைசிவரை சலிக்கவில்லை.

துரையும் சும்மா சாப்பிடவில்லை. பல வருடம் சுங்கைப் பட்டாணிக் கல்யாண மண்டபங்களுக்கு மாப்பிள்ளைகளைச் சுமந்துபோனது அதுதான். உருமி மேளம் முழங்கினால் போதும், சொல்லாமலே நடக்க ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் வீரசாமி, மறுபக்கம் பாவாடையைத் தூக்கிச் செருகிய உமாராணி. "கயித்த இறுக்கிப் புடிம்மா, உருமி விழுந்தா தொர கெளம்பிடுவாரு" என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்வார்.

இப்போது துரைக்கு வயதாகிவிட்டது. முன்னங்கால் குளம்புகளுக்குள் எலும்பே கீழே இறங்கிவிட்டதாம். இனி ஆறாது, ஒவ்வோர் அடியும் நரகம் என்று போன வாரம் மிருக டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். வீரசாமி மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து ஊசி போடச் சொன்னார். தோட்டத்து மண்வாரி இயந்திரத்தை வரவழைத்து, கொல்லையில் செம்பனை மரத்தோரம் குழியும் வெட்டி வைத்தார். குதிரைக்குக் குழி வெட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை விடிவதற்குள் மனிதர் முந்திக்கொண்டார்.

சேதி கேட்டு டாக்டர் காலையிலேயே கூப்பிட்டார். இன்னொரு நாள் பார்க்கலாமா என்றார். "வேணாம் டாக்டர், இன்னிக்கே வாங்க" என்று உமாராணி சொன்னதுதான் தம்பி சசிதரனைச் சுட்டுவிட்டது. ஜொகூரிலிருந்து மூச்சுப் பிடித்துக் காடி ஓட்டி வந்தவன், முகம் கழுவுவதற்கு முன்பே லோரிக்குச் சொல்லிவிட்டான்.

இப்போது அக்காவும் தம்பியும் புவனேசனும் குதிரைக் கொட்டகை முன்னால் நின்றார்கள். துரை முன்னங்கால்களை நீட்டி, உடம்பையெல்லாம் பின்னங்கால்களில் சாய்த்து நின்றது. கழுத்தில் வியர்வை.

"அப்பா செத்த அன்னிக்கே அதையும் கொல்லணுமாக்கா?" என்றான் சசிதரன். அழுது அழுது குரல் உடைந்திருந்தது. "எங் கல்யாணத்துல நான் ஏறி வந்த குதிர அது. எங்கியாச்சும் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போவட்டுமே."

"எங்கியாச்சும்னா எங்க?"

அவன் புவனேசனைப் பார்த்தான். புவனேசன் தொப்பியைப் பார்த்தான்.

"முதலைப் பண்ணைக்குத்தான்க்கா," என்றான் மெதுவாக. "மறைக்கல. வயசான மாடு, குதிர எல்லாம் தீனிக்கு அங்கதான் போவுது."

கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்த அத்தைக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. "சாவு வீட்டுல நம்ம கையால இன்னோர் உசிர எடுக்குறது பாவம்டி. வித்தா அது நம்ம கணக்குல வராது. வெறும் மண்ணுக்குப் போறத நாலு சீவன் திங்குதுன்னா புண்ணியந்தான்."

"செத்தப்புறம் யார் தின்னா என்னா அத்த? அது எனக்குப் பெருசில்லல்லா," என்றாள் உமாராணி. பிறகு புவனேசனிடம் திரும்பினாள். "அங்க போய்ச் சேர எவ்ளோ நேரமாவும்?"

"பொழுது சாஞ்சிரும்."

"அதுவரைக்கும் இந்தக் கால்ல ஆடுற லோரியில நிக்கணும். சரி, அங்க எப்படிக் கொல்லுவாங்க?"

புவனேசனுக்குப் பொய் சொல்லத் தெரியாத முகம். "தெரியாதுக்கா. நான் எறக்கி விட்டுட்டுத் திரும்பிருவேன். நின்னு பாத்ததில்ல."

"கேட்டியாடா?" என்றாள் தம்பியிடம். "கொண்டு போறவனே பாக்க மாட்டானாம். பந்தயத் திடல்ல குதிரைக்குக் கால் ஒடைஞ்சா எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருவாங்க. மொதலாளி, ஓட்டுனவன், எல்லாரும். அப்பா மட்டுந்தான் கடைசிவரைக்கும் கயித்தப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு. தீனி போட்டவன் மொகத்தப் பாத்துக்கிட்டுப் போவணும்பாரு. இன்னிக்கும் அவருதான் புடிச்சிருப்பாரு."

"என்னால பாக்க முடியாதுக்கா."

"உன்னால பாக்க முடியாததுக்கு அது லோரியில நிக்கணுமா?"

அதற்குள் முன்வாசலில் உருமிக்குழு வந்து இறங்கிவிட்டது. கறுப்புச் சட்டைப் பையன்கள். இங்கே நடக்கும் வழக்கு எதுவும் தெரியாமல், தலைவர் தர்மலிங்கம் வளைந்த கோலைத் தோலில் இழுத்தார். உருமி முழங்கியது. பறைகள் சேர்ந்துகொண்டன.

துரையின் காதுகள் நிமிர்ந்தன.

கழுத்தைத் தூக்கியது. நடுங்கும் முன்னங்காலைத் தரையிலிருந்து எடுத்து, கல்யாண நடையில் வைத்தது. உடம்பு முழுக்க ஒரு துடிப்பு ஓடியது. அடுத்த காலையும் எடுத்தது. எங்கேயோ ஒரு மாப்பிள்ளை காத்திருக்கிறான் என்று அது முடிவு செய்துவிட்டது. அதற்குச் சாவு மேளமென்றும் கல்யாண மேளமென்றும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

முதலில் வாயைப் பொத்திக்கொண்டது அத்தைதான்.

"நிறுத்துங்க!" உமாராணி முன்வாசலுக்கு ஓடினாள். "அண்ணே, நிறுத்துங்கண்ணே!"

சாவு வீட்டில் மேளத்தை நிறுத்து என்று யாரும் சொல்லித் தர்மலிங்கம் கேட்டதே இல்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். உள்ளே அப்பாவின் தலைமாட்டு விளக்கு மட்டும் சின்னதாகப் பொரிந்தது. அவள் திரும்பி வந்தபோது சசிதரன் துரையின் மார்பில் இரண்டு கைகளையும் வைத்து, இனி நடக்க வேண்டாமென்று தடுத்துக்கொண்டு நின்றான். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"டாக்டர் வரட்டும்க்கா," என்றான்.

வந்தார். குழியோரம் வரை நடத்திப் போக வேண்டும், அதுதான் கஷ்டம் என்றார். புவனேசன் லோரியில் விரித்திருந்த தடித்த ரப்பர் பாய்களை உருவி வந்து, கொட்டகையிலிருந்து செம்பனை மரம் வரைக்கும் வரிசையாகப் போட்டு, அதன்மேல் வைக்கோலை உதறினான். அடி மெத்தென்று விழுந்தது. துரை நின்று நின்று நடந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"கயிற யார் பிடிக்கிறது?" என்றார் டாக்டர். "விழும்போது தலை மோதக்கூடாது. தளர விடாமல் மெல்ல இறக்கணும்."

"நான்," என்றாள் உமாராணி.

மயக்க ஊசி முதலில். துரையின் தலை தாழ்ந்து அவள் தோளுக்கு வந்தது. மூச்சு வைக்கோல் வாசனையோடு சூடாக இருந்தது. சசிதரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். நாலடி போனவன் திரும்பி வந்து, மறுபக்கம் நின்று பிடரியைப் பிடித்துக்கொண்டான். "தொர," என்று கூப்பிட்டாள் அவள். "என்னப் பாருங்க." பெரிய கரிய கண் அவளைப் பார்த்தது. இரண்டாவது ஊசி இறங்கியது. முழங்கால் மடிந்தது. கயிற்றின் முழு பாரமும் அவள் கைக்கு வந்தது. அவள் விடவில்லை. தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துகிற மாதிரி தலையை மண்ணில் இறக்கினாள்.

புவனேசன் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே நின்றான்.

அவள் கயிற்றைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, குழாயடியில் கையை மட்டும் கழுவினாள். அத்தை துண்டை நீட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு வண்டி பின்பக்கமாகச் சந்துக்குள் நுழைந்தது. ஒருமுறை ஏமாந்த பெண்கள் இந்தத் தடவை எழவில்லை. அத்தை போய்ப் பின்கதவைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு வந்து கையைக் காட்டிய பிறகுதான் ஒப்பாரி எழுந்தது. வீரசாமியை வெளியே கொண்டுவந்தார்கள். முன்பக்கம் தோள்கொடுத்தவன் சசிதரன்.

தர்மலிங்கம் கோலைத் தூக்கிப் பிடித்தபடி உமாராணியைப் பார்த்தார், அடிக்கலாமா என்பதைப் போல.

"அடிங்கண்ணே," என்றாள். "அப்பாவுக்கு நல்லா அடிங்க."

உருமி விழுந்தது. அவள் கை, தோளில் கிடந்த கயிற்றை இறுக்கிப் பிடித்தது.