காலடியில் நீல வெளிச்சம்

நாற்காலிக்கு அடியில் கையை நீட்டி ஒயரைத் தேடிக்கொண்டிருந்தான் அவன். ஆட்கள் வருவார்கள், நிற்க இடம் வேண்டும், அறையைக் கொஞ்சம் ஒழித்து வையுங்கள் என்று மனைவி சொல்லியிருந்தாள். கிட்டாரைச் சுவரோடு சாய்த்தாயிற்று. ஒலிபெருக்கியை மூலைக்குத் தள்ளியாயிற்று. தரையில் மிச்சமிருந்தது அந்தச் சின்ன இரும்புப் பெட்டிதான். உள்ளங்கை அகலம் இருக்கும். காலால் அழுத்த ஒரு குமிழ். குமிழுக்கு மேலே விரல் நீளக் கண்ணாடிக்குள் நீலக் கோடுகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

கிட்டாரின் ஒயர் அதில்தான் செருகியிருந்தது. யாராவது பலமாக நடந்தால் கம்பிகள் லேசாக அதிரும். உடனே கோடுகள் ஒரு பக்கமாக நகரும், ஆழமில்லாத தண்ணீருக்குள் மீன் குஞ்சுகள் திரும்புவது போல. பிறகு தயங்கி மங்கும். நிறுத்தும் பொத்தான் எங்கிருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். கை அங்கே போகவில்லை.

காலை ஒன்பது மணிக்கு அவனுடைய மாமியார் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை. சாயங்காலம் ஹோட்டலில் கிட்டார் வாசிக்க வேண்டியவர். தேநீர்க் கோப்பையோடு அவன் உள்ளே வந்தபோது, மடியில் கிட்டார் இருக்க, அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எதையோ கூர்ந்து கேட்பதற்காகச் சாய்த்த மாதிரிதான் இருந்தது. "அத்தை" என்றான். கோப்பையை ஜன்னலோரம் வைத்துவிட்டு இன்னொரு முறை கூப்பிட்டான்.

"ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, தூக்கம் மாதிரிதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. அத்தை இப்போது கட்டிலில் படுத்திருந்தார். தலைமுடியை மகள் வாரிவிட்டிருந்தாள். திரைச்சீலை வழியாக வந்த வெயில் பழுப்பாக மாறி அறை முழுக்க நிரம்பியிருந்தது. எதைத் தொட்டாலும் வெதுவெதுப்பான தண்ணீருக்குள் கைவிட்டு எடுப்பது போலிருந்தது அவனுக்கு.

"அது என்னங்க, வெளிச்சம்?" என்றாள் மனைவி, கட்டிலை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"கிட்டார் சாமான்."

"அணைச்சிடுங்க. கண்ணு கூசுது."

"ம்" என்றான். அணைக்கவில்லை. ஒரு துணியை எடுத்து அதன் மேல் போட்டான். நீலம் துணிக்குள்ளிருந்து கசிந்தது.

அது என்னவென்று அந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அத்தை வந்தார். கண் பரிசோதிக்கும் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எழுத்து மங்கலாத் தெரியுதா அத்தை?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. காதுதான் போயிடுச்சு."

பதினான்கு வருடமாக இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் 'சாப்பிட்டீங்களா', 'மழை வரும் போலிருக்கு' என்ற அளவில்தான். அவர் முகத்தை நேராகப் பார்த்ததே குறைவு. அன்றைக்குப் பார்த்தான்.

"ரெண்டு காதும் ரெண்டு ஊர்ல இருக்கு. ஒரே கம்பியத் தட்டினா இடது காதுல ஒரு சுருதி கேக்குது, வலது காதுல கொஞ்சம் தாழ்ந்து இன்னொண்ணு கேக்குது. எத நம்பறது? நாப்பது வருஷமா இந்தக் காத வச்சுத்தான் ஆறு கம்பியையும் சேத்தேன். பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் நான்தான் சேத்துக் குடுப்பேன்."

"டாக்டர்கிட்ட..."

"போயாச்சு. காதுக்குக் கருவி மாட்டிக்கலாம், பேச்சு கொஞ்சம் கேக்கும், சுருதி திரும்பாதுன்னுட்டார். போன சனிக்கிழமை வாசிக்கும்போது முன் மேசையில ரெண்டு பேர் சிரிச்சாங்க. காது கேக்கலன்னா என்ன, பல்லு தெரியுதே."

அந்தச் சனிக்கிழமை அவனும் மனைவியும் ஹோட்டலுக்குப் போயிருந்தார்கள். கிட்டார் பிசகியதும் மனைவி மேசை விரிப்பின் நுனியை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். காரில் திரும்பும்போது வெடித்துவிட்டாள். "போதும்மா. இந்த வயசுல எதுக்கு? மானம் போகுது." அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கத்தியதாலோ என்னவோ, அது மட்டும் நன்றாகவே கேட்டிருக்கிறது.

"அவளுக்குத் தெரிஞ்சா மேடையிலேருந்து இறக்கிடுவா" என்றார் அத்தை. "உங்க வாயிலேருந்து வராதுன்னு சொல்லுங்க."

"வராது அத்தை."

கடையைப் பூட்டிக்கொண்டு, சுருதியைக் கண்ணுக்குக் காட்டும் டியூனர் ஒன்று வாங்க, இருவரும் இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள். விற்பனைப் பெண் கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தாள். முதலில் அவள் காட்டியது துணி மாட்டும் கிளிப் போல ஒன்று. கிட்டாரின் தலையில் கவ்விக்கொள்ளும். அத்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தலையில மாட்டிக்கிட்டு நின்னா ஊருக்கே தெரியும். பக்கத்துல டிரம்ஸ் அதிர்ந்தா அது எதைக் காட்டும், என் கம்பியையா, அவனோட உதையையா?"

பிறகு காலால் மிதிக்கும் டியூனர்கள் மூன்றைத் தரையில் வரிசையாக வைத்தாள். மிதித்ததும் ஒலிபெருக்கிக்குப் போகும் சத்தம் நின்றுவிடும். சுருதி சேர்ப்பது கேட்பவர்களுக்குத் தெரியாது. மறுபடி மிதித்தால் சத்தம் வரும். ஒன்றில் சுருதியின் பெயரைக் காட்டும் எழுத்துக்கு இரண்டு பக்கமும் சிவப்புப் புள்ளிகள், நடுவில் பச்சை. இன்னொன்று ஆறு கம்பிகளையும் ஒரே தட்டலில் காட்டியது. மூன்றாவதில் எதுவும் இல்லை, ஓடும் கோடுகள்தான். சுருதி தாழ்ந்திருந்தால் இடது பக்கம் ஓடும், ஏறியிருந்தால் வலது பக்கம். சேர்ந்துவிட்டால் நின்றுவிடும்.

அங்கேதான் அவன் தன் தொழிலுக்குள் நுழைந்தான். அத்தையை நிமிர்ந்து நிற்கச் சொன்னான். கண்ணுக்கும் தரைக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்தான். மேடையில் விளக்கு முகத்தில் அடிக்குமா, பின்னாலிருந்து வருமா என்று கேட்டான். மூன்றையும் வாசலுக்குத் தூக்கிக்கொண்டுபோய் வெயிலில் வைத்தான்.

"இது தெளிவா, அது தெளிவா?"

அத்தை சிரித்துவிட்டார். "கண்ணாடிக்காரர் புத்தி."

"எழுத்தப் படிக்கப் பார்வை வேணும் அத்தை. அசையறதக் கண்டுபிடிக்க அவ்வளவு வேண்டாம். நாளைக்கே கண்ணு மங்கினாலும் கோடு ஓடுதா நிக்குதான்னு தெரிஞ்சிடும்."

கோடுகளையே எடுத்தார்கள். மிதிக்காத நேரத்தில் பெட்டி கிட்டாரின் நாதத்தை மழுக்குகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அத்தை கடையிலிருந்த ஒரு கிட்டாரை எடுத்து விற்பனைப் பெண்ணிடம் நீட்டினார். "நீயே வாசிச்சுக் கேட்டுச் சொல்லும்மா. உன் காதுக்கு வயசு கம்மி." பேட்டரி வேண்டாம், சுவரில் செருகும் ஒயர்தான் வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். "நடுவுல பேட்டரி தீந்துட்டா நான் மேடையிலயே செவிடு."

திரும்பி வரும் வழியில், எல்லாச் சமாதானமும் ஆகிவிட்டது போல, நீண்ட நேரம் பேசிக்கொண்டே வந்தார். கம்பியைத் தாழ்ந்த இடத்திலிருந்து மேலே ஏற்றித்தான் நிறுத்த வேண்டும், மேலிருந்து இறக்கினால் வாசிக்கும்போது நழுவிவிடும் என்றார். தட்டியவுடன் பார்க்கக் கூடாது, ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அவனுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் ஒரு அம்மாவோடு நடப்பது போலிருந்தது. அப்படி நடந்து ரொம்ப நாளாகியிருந்தது.

மதியம் ஹோட்டல் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பாடகி கட்டிலருகே போய் உட்கார்ந்துகொண்டாள். தடித்த கம்பி கிட்டார் வாசிக்கிறவர், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறவர், நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த மூணு மாசமா உங்கம்மா கம்பி ஒண்ணுகூடப் பிசகலம்மா" என்றார் அவன் மனைவியிடம். "நாங்கதான் அவங்களப் பாத்துச் சேத்துக்கிட்டோம். பாட்டுக்குப் பாட்டு குனிஞ்சு, கால் பக்கம் பாத்துச் சிரிப்பாங்க. என்ன சந்தோஷமோ."

மனைவி தலையசைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் நிற்காமல் கேட்டது. அவன் எழுந்து போனான்.

கழுவிய டம்ளர்களையே அவள் மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"எல்லார்கிட்டயும் சிரிச்சுத்தான் இருந்திருக்காங்க" என்றாள்.

"என்ன சொல்ற?"

"மானம் போகுதுன்னு சொன்னேன்ல, அன்னிக்கு. அடுத்த வாரமே மன்னிப்புக் கேட்டேன். இதே இடத்துல. பாத்திரம் கழுவிட்டிருந்தாங்க. பின்னாடி நின்னு, அம்மா, நான் சொன்னது தப்பு, நீ வாசிம்மான்னேன். ரெண்டு தடவ சொன்னேன்." டம்ளரைக் கவிழ்த்தாள். "திரும்பக்கூட இல்லைங்க. தட்டத் துடைச்சுத் துடைச்சு அடுக்கிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் எனக்கும் பேச வரல."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லியே."

"என்னன்னு சொல்றது? எங்கம்மா என்ன மன்னிக்கலன்னா?"

அடுக்களை ஜன்னலுக்கு வெளியே ஒரு கொடியில் யாருடைய சட்டையோ காற்றில் கையை உயர்த்தி உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். வராது அத்தை என்று சொன்ன வாய், திறக்காமல்தான் இருந்தது. கடைசியில் கையை நீட்டிக் குழாயை மூடினான்.

"அப்ப குழாய் தொறந்திருந்துச்சா?"

"பாத்திரம் கழுவினா தொறந்துதான இருக்கும்?"

"அப்படின்னா அவங்களுக்குக் கேட்டிருக்காது."

அவள் திரும்பினாள். அவன் சொன்னான். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். ரெண்டு காதும் ரெண்டு ஊரில் இருந்தது, தண்ணீர் ஓடினாலோ ஃபேன் சுற்றினாலோ பேச்சு கரைந்துபோவது, எதிரே நின்று வாயைப் பார்த்தால்தான் பாதியாவது பிடிபடுவது. சொல்லச் சொல்ல அவள் முகம் ஒவ்வொரு இடமாக இறுகிக்கொண்டே வந்தது.

"உங்களுக்கு மூணு மாசமாத் தெரியும்."

"தெரியும்."

"தெனமும் என் பக்கத்துலதான படுக்கறீங்க."

கவிழ்ந்திருந்த டம்ளரை அவன் ஓரமாக நகர்த்தினான்.

"நாங்க பேசாம இருந்ததப் பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

"பாத்தேன். மேடைக்காகக் கோவம், ரெண்டு பேரும் பிடிவாதம், தானா சரியாயிடும்னு நெனச்சேன். நீ மன்னிப்புக் கேட்டது தெரிஞ்சிருந்தா..." முடிக்கவில்லை. முடித்தாலும் அது எங்கும் போய்ச் சேராது என்று தெரிந்தது.

அவள் ஈரக் கையோடு அறைக்கு நடந்தாள். பாடகி எழுந்து வெளியே போய்விட்டாள். மனைவி தரையில் உட்கார்ந்து துணியை விலக்கினாள்.

"இதுவா?"

"ம்."

"எப்படி?"

சுவரோரம் இருந்த கிட்டாரை எடுத்து அவள் மடியில் வைத்தான். அவள் அதை வாங்கிய விதத்திலிருந்து, இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத் தொட்டதில்லை என்று தெரிந்தது. ஒரு கம்பியைத் தட்டினாள். ஒலிபெருக்கி வாயைத் திறக்கவில்லை. வெறும் கம்பியின் மெல்லிய முனகல் மட்டும். நீலக் கோடுகள் இடது பக்கம் ஓடின.

"ஒரு மூச்சு விட்டுட்டுப் பாரு" என்றான். "இப்ப அந்தத் திருகக் கொஞ்சம் ஏத்து. இன்னும் கொஞ்சம்."

கோடுகளின் ஓட்டம் தளர்ந்தது. நடந்தது. ஒரு கணம் தயங்கியது. நின்றது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறைக்குள்ளும் எல்லாம் நின்றிருந்தது. வெயில், திரை, கட்டிலில் இருந்தவரின் மடித்து வைத்த கைகள்.

"இதப் பாத்துத்தான் வாசிச்சாங்களா?"

"சுருதி சேக்க மட்டுந்தான். வாசிச்சது கைதான்."

கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தாள். பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து தானே பிடுங்கினாள். நீலம் அணைந்ததும் அறை ஒரு படி இருட்டியது போலிருந்தது, மதியம் மூன்று மணிக்கு.

"கதவச் சாத்திட்டுப் போங்க" என்றாள்.

அவன் வெளியே வந்து கதவை இழுத்தான். மூடுவதற்கு முந்தைய இடைவெளியில், அவள் கட்டில் மேல் குனிந்து, அம்மாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது தெரிந்தது. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, வாயைத் திறந்தாள். அவன் கதவைச் சாத்தினான்.

கூடத்தில் நெட்டை காத்திருந்தார். "அமரர் வண்டி வந்துடுச்சு தம்பி. சொல்லிடலாமா?"

"கொஞ்ச நேரம் போகட்டும்."

அவன் தெருவுக்கு வந்தான். வண்டி வாசலை ஒட்டி நின்று உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, எவ்வளவு நேரம் என்று புருவத்தால் கேட்டார். அவன் உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டினான். ஓட்டுநர் சாவியைத் திருப்பினார், உறுமல் நின்றது. பிறகு இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, கால்களை நீட்டிக்கொண்டார்.