நீர்மீண்டார்

அப்படியென்ன பெரிய குற்றம், ஒரு கேமுக்கு எழுதிய ஒரே ஒரு வரிதானே... வட்டுக்கோட்டையில் கிளம்பிய மினிபஸ் அராலியைத் தாண்டும்வரை மிரியம் இதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், கையில் போன், போனில் சுபாஸின் கேள்வி, யன்னலோரச் சீட் கிடைத்தும் காற்று வாங்க மனம் வரவில்லை. யாழ்ப்பாண நகரில் ஒரு சின்னக் கொம்பனி நடத்தும் இணைய விளையாட்டு ‘ஆழிநாடு’, அதற்குக் கதை எழுதுவது அவள் வேலை. கடல் கொண்டவர் திரும்பார், கரையில் விளக்கேற்றி, பேரைச் சொல்லி வழியனுப்பிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட வேண்டும், இதுதான் அந்த நாட்டின் முதல் சட்டம், அவளே எழுதியது. எவ்வளவு சுளுவாக எழுதினாள்! மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை, இறந்தவருக்காகச் செபிக்கும் வழக்கமே அவர்களிடம் இல்லை, அடக்க ஆராதனையோடு சரி, அதனால்தானோ என்னவோ விளக்கும் பேரும் அவளுக்கு வெறும் அலங்காரமாகத் தெரிந்தன. ஆழிநாடு விளையாடும் குருநகர்ச் சுபாஸுக்கு அப்படி இருக்குமா? அவனுடைய அண்ணன் யாகப்பு கடற்றொழிலுக்குப் போய், படகு மட்டும் கரையொதுங்கியது. தாய் பெர்னடெட், “உடம்பைக் காணாமல் அவன்ர ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்குடுக்க விடமாட்டன்” என்று ஒரே பிடியாக நின்றார். ஆழிநாட்டில் அண்ணன் பேருக்கு விளக்கேற்றிய பிறகுதான் சுபாஸுக்கு மனம் ஆறியது, தாயைத் தேற்றிப் பூசைக்குச் சம்மதிக்கவும் வைத்தான், மிரியமுக்கு நன்றி சொல்லி எழுதினான். அன்று என்னமாய்ப் பூரித்துப்போனாள், வெட்கமில்லாமல்...

பிறகுதான் மேலாளர் ஜெயதீபன் புதிய பாத்திர வகை வேண்டுமென்றார், கடலில் மாண்டு மீண்டவர்கள், நீர்மீண்டார். “விளையாடுற ஆக்கள் எல்லாம் இதைத்தான் கேக்கினம், மிரியம், கதையை நீர்தான் சமாளிக்கவேணும்.” முதல் சட்டமே அடிபட்டுப் போகுமே என்று அவள் சண்டை பிடித்தாளா? இல்லை, முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான், சுளித்த முகத்தோடேயே இரண்டையும் ஒட்டவைக்க ஒரு வரி எழுதினாள்: விளக்கேற்றி வழியனுப்பப்படாதவருக்கே மீளும் வழி திறந்திருக்கும். ஜெயதீபன் மேசையில் தட்டிச் சிரித்தார். அப்போது சுபாஸ் நினைவுக்கு வரவில்லையா? வந்தான்... ஓம், வந்தான், வந்தவனைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் எழுதி முடித்தாள். இன்று காலை கேட்டிருக்கிறான், “அக்கா, அப்ப நான் அவசரப்பட்டு அண்ணைக்கு விளக்கு ஏத்திப்போட்டனோ?” கேமைப் பற்றித்தான் கேட்கிறான், வேறென்ன... ஆனால் அதன் கீழே இன்னொன்று, “அம்மாட்டை இதைச் சொல்லேல்லை.”

காக்கைதீவில் பஸ் நின்றது, மீன் வாங்கியவர்கள் ஏறினார்கள், யாரோ “உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்கு” என்று கத்தினார்கள். “இல்லையடா தம்பி, அது வெறும் கதை” என்று தட்டினாள், உடனே அழித்தாள், இது வெறும் கதை என்றால் அவன் ஏற்றிய விளக்கு மட்டும் என்னவாம், அதை நம்பித்தானே பூசையும் நடந்தது? “அந்த வரியை மாத்திறன்” என்று தட்டினாள், அனுப்பவில்லை. மாற்றலாம், யார் தடுத்தது, ஜெயதீபனோடு ஒருநாள் மல்லுக்கட்டினால் முடிந்தது... அன்போடு வழியனுப்பப்பட்டவரும் மீளலாம் என்று வைத்துப் பார்த்தாள், சப்பென்று இருந்தது, வேறொன்று பார்த்தாள், அதுவும் நீண்டுபோனது, பழையதில் இருந்த கூர்மை எதிலும் வரவில்லை. நாவாந்துறை தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது, இவ்வளவு நேரமும் அவள் சுபாஸுக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கவில்லை, அந்த வரியைக் கைவிடாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தாள்.