கூடைக்கு நேரில்லாத கால்

நளீமின் கால்விரல்கள் கூடையை விட்டு இடப்பக்கம் திரும்பியிருந்தன. கூடைப்பந்துத் திடலின் வேலிக்கு வெளியே நின்ற மீராசாஹிபுவுக்குச் சந்தேகப்பட அதுவே போதும்.

மறுநாள் மாவட்ட அணிக்குத் தெரிவு. ஒரே ஓர் இடம்தான் காலி. அதற்கு அவருடைய மகன் நளீமும் நிற்கிறான், பயிற்சி கொடுக்கும் இன்ஷாபின் அக்கா மகன் ஸப்ரியும் நிற்கிறான். அப்படியிருக்க, அந்த மனிசன் அடுத்தவன் பிள்ளைக்கு நல்லதையா சொல்லிக்கொடுப்பான்?

வீட்டுக்கு வந்ததும் மகனைப் பிடித்துக்கொண்டார்.

"கூடை அங்கால இரிக்கி, ஒன்ட கால் எங்க மனே பாக்குது?"

"வலது கால் முன்னுக்கு, ரெண்டு காலும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பணும் வாப்பா. அப்பத்தான் முழங்கை கூடைக்கு நேரா வரும். இன்ஷாப் சேர் சொன்ன."

"சொல்லுவான். ஒன்னக் கவுத்தாத்தானே மருமகன் ஏறலாம். தொழக்குள்ள ஸப்பு வரிசையில எப்பிடி நிக்கிற? விரல் கிப்லாவுக்கு நேரதானே? நாளைக்கும் அப்பிடியே நில்லு. இல்லாட்டி என்ன வாப்பா எண்டு கூப்பிடாத."

தெரிவில் இருவரும் மாறி மாறி எறிந்தார்கள். நளீம் ஸப்பில் நிற்பதுபோலவே நின்றான். முழங்கை வெளியே விரிந்தது. பந்து வளையத்தின் இடது விளிம்பில் பட்டுத் தெறித்தது. அடுத்ததும் அப்படித்தான்.

மீராசாஹிபு ஸப்ரியின் காலைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் பார்த்ததெல்லாம் தன் மகனின் காலைத்தான். ஸப்ரியின் விரல்களும் இடப்பக்கம்தான் திரும்பியிருந்தன. பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே விழுந்தது. சொந்த அக்கா மகனை எவனும் கெடுக்கமாட்டான்.

அவர் வேலியடிக்கு ஓடினார். நளீம் கடைசிப் பந்தோடு நின்றான்.

"காலத் திருப்புடா!"

தெரிவுக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்தப் பக்கம் வாப்பா?"

"அந்தாள் சொன்ன பக்கம்!"

எல்லாரும் சிரித்தார்கள். பந்து உள்ளே விழுந்தது. ஆனால் இடம் ஸப்ரிக்குப் போய்விட்டது.

இன்ஷாப் வேலியடிக்கு வந்து, அண்ணன் முறை வைத்தே கேட்டான். "காக்கா, ஆரு இவன்ட நிலைய மாத்தின?"

"நான்தான். ஒன்ன நம்பல்ல."

"இப்ப?"

"இப்பவும் அரைவாசிதான்."

இன்ஷாப் கோபப்படவில்லை. ஏன் கோபப்படவில்லை என்று யோசித்துக்கொண்டே அவர் பஸ்ஸில் ஏறினார். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. நளீம் பின்னுக்குப் போய் உட்கார்ந்தான். வீடு வந்து சேரும்வரை வாப்பா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.