மாப்பிள்ளைக்கு மட்டும் பெல்ட்

கார் பெல்ட்டும் ஏர்பேக்கும் தைக்கும் அந்தத் தொழிற்சாலையிலேயே சுகவாசி யார் என்று கேட்டால் தையல் பெண்கள் யோசிக்கவே மாட்டார்கள். வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையைக் கை காட்டிவிடுவார்கள். மாப்பிள்ளை என்றால் ஆள் இல்லை, பொம்மை. காரை வேண்டுமென்றே சுவரில் மோதவிட்டு, உள்ளே இருப்பவனுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காகச் செய்த ஆளுயரப் பொம்மை. மஞ்சள் முகம், மூக்கு உண்டு, வாய் கிடையாது. அவனுக்கென்று ஒரு கார் சீட், தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே ஒரு பெல்ட், முன்னால் உப்பி நிற்கும் ஏர்பேக், தலைக்கு மேலே விளக்கு. தினமும் காலையில் முகம் துடைத்துவிட ஓர் ஆள் வேறு. வாய் இல்லாததால்தான் அவனுக்கு இவ்வளவு மரியாதை என்று பட்டாசு சொல்வாள்.

பட்டாசு என்பது தையல் பிரிவு அவளுக்கு வைத்த பெயர். அவளுக்கு வாய் உண்டு; காது கேட்காதவர்களுக்கும் கேட்கும்படியான வாய். பெல்ட்டின் முனையை மடித்து, இரும்பு வளையத்தில் கோத்து, மடிப்பின் மேல் கட்டம் கட்டமாகத் தையல் போடுவது அவள் வேலை. மாப்பிள்ளை போட்டிருக்கும் பெல்ட்கூட அவள் தைத்ததுதான். ஒரு தையல் தவறினாலும் சூப்பர்வைசர் அந்தப் பெல்ட்டைக் கத்தரித்துக் கழிவுக் கூடையில் போட்டுவிட்டு, "ஒரு தையல், ஒரு உயிர், ஞாபகம் இருக்கட்டும்" என்பார். ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வார் என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ணினால் வேலை கெட்டுப்போகும்.

அவளுடைய நாத்தனாரும் இங்கேதான் வேலை பார்த்தாள். கணவனின் தங்கை. அடுத்த கூடத்தில் ஏர்பேக் துணி தைப்பவள். வீட்டில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். அடுப்பை யார் அணைக்காமல் போனது என்பதில் தொடங்கி, சீப்பில் சிக்கிய முடி யாருடையது என்பதுவரை வழக்கு நடக்கும். நாத்தனார் சத்தம் போடமாட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். பட்டாசுக்கு அதுதான் எரிச்சல். எதிர்த்துப் பேசினால் தேவலை என்பாள்.

நாள் முழுக்க ஊரார் உயிருக்குப் பெல்ட் தைத்துவிட்டு, சாயங்காலம் இந்தப் பெண்கள் ஏறிய வேனில் பெல்ட் கிடையாது. முதலில் இருந்தது. சீட்டுகளோடு வந்த வேன்தான் அது. இருபக்கமும் நீளப் பலகை போட்டால் கூட ஆள் ஏற்றலாம் என்று வேன் முதலாளி கண்டுபிடித்தார். சீட்டுகளைக் கழற்றியபோது பெல்ட்டுகளும் கூடவே போய்விட்டன. பெண்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, மேலே இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கைக்கு எட்டாதவர்கள் பக்கத்தில் இருப்பவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

வேன்காரருடைய பெல்ட் மட்டும் இருந்தது. ஆனால் அவர் போடமாட்டார், கழுத்தை அறுக்கிறது என்பார். போடாவிட்டால் வண்டி 'கீ கீ' என்று கத்துமே, அதற்கு அவரிடம் மருந்து இருந்தது. பெல்ட்டில் கோத்திருக்கும், பூட்டுக்குள் 'டிக்' என்று போய் விழும் தகட்டைப் பெண்கள் நாக்கு என்பார்கள். கழிவுக் கூடையில் கிடந்த ஒரு வெறும் நாக்கை எடுத்துவந்து பூட்டில் சொருகி வைத்திருந்தார். வண்டியும் ஏமாந்து வாயை மூடிக்கொண்டது.

ஒரு நாள் சாயங்காலம் வளைவில் ஒரு லாரி திடீரென்று நின்றது. வேன்காரர் பிரேக்கில் ஏறி நின்றார். பலகையில் இருந்த பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தியாகச் சரிந்தார்கள். எல்லோருக்கும் சிராய்ப்பு, வீக்கம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் மட்டும் நேரே போய் டிரைவர் சீட்டின் பின்கம்பியில் முகத்தை மோதினாள். முன்பல் இரண்டும் போயின. இன்னும் கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கண். இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருந்தால் நினைக்கவே வேண்டாம். பட்டாசு தன் துப்பட்டாவை அவள் வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை போனாள். துப்பட்டா நனைந்து கை வழியாக ஒழுகியது. அத்தனை வருஷ வழக்கில் ஒன்றுகூட அப்போது அவள் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் மேனேஜர் தையல் கூடத்துக்கு வந்து, நாத்தனாரையும் அங்கே வரவழைத்து விசாரித்தார். நல்ல மாதிரியாகத்தான் விசாரித்தார்.

"என்னம்மா, கம்பியைக் கெட்டியா பிடிச்சிருக்கக் கூடாதா?"

நாத்தனார் வீங்கிய வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். தன் தப்புதான் என்பது மாதிரி ஆட்டினாள். பட்டாசின் மிஷின் அதற்குமேல் ஓடவில்லை. எழுந்து ஏதாவது சொல்லியிருப்பாள். ஆனால் வீட்டு வாடகை இரண்டு பேர் சம்பளத்தில்தான் போகிறது, "வாயைக் கட்டிக்க" என்று கணவன் காலையில்தான் கெஞ்சி அனுப்பியிருந்தான். கட்டிக்கொண்டாள். சாயங்காலம்வரை.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. அதே வேன், அதே பலகை. பின்கம்பியை மட்டும் யாரோ நன்றாகக் கழுவியிருந்தார்கள். பெண்கள் வரிசையாக நின்றார்கள். நாத்தனாரின் முறை வந்தது. அவள் படியில் ஒரு காலை வைத்தாள். மற்றக் கால் தரையை விட்டு எழும்பவில்லை. வைத்த காலை எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"இறங்கு" என்றாள் பட்டாசு. "ஏற வேணாம். யாரும் ஏற வேணாம்."

"அண்ணி, சும்மா இருங்க. நான் ஏறிடுறேன்."

"நீ என்னத்த ஏறுவ? கால் வரலையே. அதுக்கு இருக்கிற புத்தி நமக்கு இல்ல, இத்தனை நாளா ஏறிட்டு இருந்தோம்."

வேன்காரர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நேரம் ஆகுது. அடுத்த டிரிப் இருக்கு."

"இருக்கட்டும்ணே. சீட்டும் பெல்ட்டும் போட்டுக் கொண்டாங்க, அடுத்த டிரிப்பும் போகலாம், அதுக்கு அடுத்ததும் போகலாம்."

ஏறியிருந்தவர்கள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். சூப்பர்வைசர் ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டிவந்தார். மேனேஜருக்கு முதலில் விஷயமே புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார்.

"இவ்வளவுதானா? அடிபட்ட பொண்ணை முன் சீட்டுல உட்கார வைங்க. அங்க ஏர்பேக் இருக்கு. அதைவிடப் பாதுகாப்பு வேற என்ன வேணும்?"

முன் சீட்டின் பெல்ட் உள்ளே சுருண்டு சிக்கிக்கொண்டு மாதக்கணக்காகிறது, இழுத்தால் வராது. அது எல்லோருக்கும் தெரியும். பட்டாசு வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் கைக்குட்டையை எடுத்துவிட்டாள்.

"அதைத் தைக்கிறதே நான்தான் சார்." பல் போன இடத்தில் காற்று புகுந்து வார்த்தைகள் குழைந்தன. "பெல்ட் போட்டு உட்கார்ந்தவங்களைத்தான் அது தாங்கும். போடாம முன்னாடி பாய்ஞ்சா, அது விரியிற வேகத்துல மூஞ்சியிலேயே அறையும். மிச்சப் பல்லும் போயிடும் சார்."

யாரோ சிரித்துவிட்டார்கள். மேனேஜரின் முகத்தில் இருந்த நல்லதனம் அத்தோடு போய்விட்டது.

"சரி, கேட்டுக்கங்க. வேன் இருக்கு, ஏறலாம். இன்னைக்கு இதுல ஏறாதவங்க நாளைக்கு வேலைக்கு வர வேணாம்."

சிரிப்பு நின்றது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாடகை, கணவனின் கெஞ்சல், எல்லாம் பட்டாசுக்கு நினைவு வந்தன. ஆனால் பக்கத்தில் நாத்தனார் கைக்குட்டையை மறுபடி வாயில் வைத்து மூடிக்கொண்டாள். அதைப் பார்த்த கண்ணோடு அவளால் வாயைக் கட்டிக்கொள்ள முடியவில்லை.

"ஏறுறோம் சார்" என்றாள். "முதல்ல நம்ம மாப்பிள்ளை ஏறட்டும்."

மேனேஜர் விழித்தார். அவர் விழித்து முடிப்பதற்குள் பட்டாசு, பெல்ட்டுக்கான பட்டைச் சுருள்களை ஏற்றும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வரவேற்பறைக்குள் போய்விட்டாள். பின்னாலேயே நாலைந்து பெண்கள் ஓடினார்கள். பொம்மை நிஜ ஆளின் கனம் கனத்தது. அவர்கள் தினமும் சுருள் தூக்கும் பெண்கள். ஆளுக்கொரு கையும் காலுமாகத் தூக்கி வண்டியில் சாய்த்தார்கள். பெல்ட்டை அவிழ்த்தது பட்டாசு. தைத்தவளுக்கு அவிழ்க்கத் தெரியாதா? வாசல் வழியாக மாப்பிள்ளை மஞ்சள் முகத்தோடு மல்லாந்து பவனி வந்தான். வாட்ச்மேன் தன்னையறியாமல் சல்யூட் வைத்தார்.

வேனின் ஓரத்தில், முந்தின நாள் நாத்தனார் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், அவனை உட்காரவைத்தார்கள். பொம்மைக்குக் கம்பி பிடிக்கத் தெரியவில்லை. கை தொங்கியது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"அண்ணே, வண்டியை எடுங்க" என்றாள் பட்டாசு. "வளாகத்தை ஒரு சுத்து. வளைவுல நேத்து போட்ட மாதிரி ஒரு பிரேக். மாப்பிள்ளை முழுசா இறங்கி வந்தா நாங்க வாயைப் பொத்திக்கிட்டு ஏறிடுறோம்."

வேன்காரர் மேனேஜரைப் பார்த்தார். பிறகு, என்ன தோன்றியதோ, சாவியைத் திருகினார். எஞ்சின் உறுமியது. வண்டி ஓரடி நகர்ந்தது.

"நிறுத்துய்யா!" மேனேஜர் வேனுக்கு முன்னால் பாய்ந்து இரண்டு கையையும் விரித்தார். "பைத்தியமா உங்களுக்கெல்லாம்? அதோட விலை என்னன்னு தெரியுமா? உள்ளே பெல்ட்டே இல்ல! பிரேக் போட்டா தூக்கி எறிஞ்சிடும், தலை தெறிச்சிடும்!"

எஞ்சின் நின்றது. சூப்பர்வைசர் தன் செருப்பைப் பார்த்தார். மேனேஜர் விரித்த கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார். தான் சொன்னது அவர் காதுக்குள் இப்போதுதான் போய்க்கொண்டிருந்தது.

"கேட்டீங்களாடி?" என்றாள் பட்டாசு. அவள் குரல் உடைந்துவிட்டது, அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. "நேத்து இவ வாயெல்லாம் ரத்தம். அப்ப இவரு கை இப்படி விரியலையே. பொம்மையை இறக்குங்க. அவனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, பாவம். நாங்க பஸ்ஸுல போயிக்கிறோம்."

பொம்மையைத் திரும்பச் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டையும் சரியாகப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். வேன் காலியாக வெளியே போனது. பெண்கள் நடந்து பெரிய சாலைக்குப் போய், பஸ்ஸில் நெருக்கியடித்து ஏறினார்கள்.

மறுநாள் காலையில் வாசலில் வாட்ச்மேன் பட்டாசை மட்டும் தடுத்தார். "உத்தரவும்மா, நான் என்ன பண்றது?" என்றார். பட்டாசு எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது வேறு, நடக்கும்போது வலிப்பது வேறு. அவள் திரும்பி நடக்கப் போனாள். அப்போது நாத்தனார் வாசலுக்குக் குறுக்கே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், வீட்டில் வைத்துக்கொள்வது மாதிரியே. அந்த முகத்தைப் பார்த்துப் பட்டாசு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். பின்னால் வந்த பெண்களும் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள்.

சரக்கு ஏற்ற வந்த லாரி வெளியே நின்று ஹாரன் அடித்துப் பார்த்தது. ஏற்ற ஒன்றும் இல்லை. மதியத்துக்குள் மேனேஜர் வாசலுக்கு வந்தார்.

"எல்லாரும் உள்ள வாங்க."

"எல்லாருமா சார்?" என்றாள் நாத்தனார், உட்கார்ந்தபடியே.

"எல்லாரும்தான். உங்க அண்ணியும்தான். வேனுக்குச் சீட்டு போடச் சொல்லியாச்சு."

"போட்டதும் ஏறுறோம். அதுவரைக்கும் பஸ்."

வேன் சீட்டுகளோடு வந்த சாயங்காலம் பெண்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். முன் சீட்டுக்கும் புதுப் பெல்ட். பட்டாசு ஒவ்வொரு பெல்ட்டையும் வெடுக்கென்று இழுத்தாள், அது பிடித்து நிற்கிறதா என்று பார்த்தாள், மடிப்பில் தையலைத் தடவினாள். ஒன்று அவளே தைத்த மாதிரி இருந்தது. அதை மட்டும் இன்னொரு முறை தடவிவிட்டு நகர்ந்தாள்.

நாத்தனார் முன் சீட்டுக் கதவைத் திறந்தாள். படியில் ஒரு காலை வைத்தாள். பட்டாசு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மற்றக் காலும் எழுந்தது. உட்கார்ந்து, மேல் பட்டையைத் தோளிலும் கீழ்ப் பட்டையை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பிலும் இழுத்துப் பதியவைத்து, 'டிக்' என்று பூட்டினாள். வேன்காரர் சாவியைத் திருகினார்.

"கொஞ்சம் இருங்கண்ணே."

அவள் கையை நீட்டி, அவருடைய பூட்டில் சொருகியிருந்த வெறும் நாக்கைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினாள். வண்டி 'கீ கீ' என்று கத்தத் தொடங்கியது.

"அட, என்னம்மா இது? காது போகுது!"

"கத்தட்டும்" என்றாள் நாத்தனார், பல் இல்லாத வாயை மறைக்காமல். "நீங்க பெல்ட் போடுற வரைக்கும் கத்தட்டும். நாங்களும் அப்படித்தான் கத்தினோம்."