பதினொரு பேர் மறைத்த மாத்திரை

அந்த அண்ணனும் தங்கையும் கணக்குக்காரியின் மூன்று வருட உழைப்புக்கு முட்டுக்கட்டையாக நின்றார்கள்.

ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை இதுதான்: உடன்பிறந்தவர்கள் பெற்றோரிடமிருந்து ஒரே மரபணுத் துண்டை வாங்கியிருந்தால் அவர்களுடைய ரத்த அழுத்தமும் ஒட்டி வருகிறதா என்று குடும்பம் குடும்பமாகப் பார்ப்பது. ஒட்டி வந்தால், அழுத்தத்தை ஏற்றும் மரபணு அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம். ஒரு துண்டு அப்படி ஆசை காட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒட்டுதலுக்குக் கணக்கு தந்த மதிப்பெண் 2.9. மூன்றைத் தொட்டால்தான் வெளியே வாய் திறக்கலாம். இந்த அண்ணன் தங்கைக்கு அந்தத் துண்டு அச்சு அசலாக ஒன்றே. அழுத்தமோ அண்ணனுக்கு 118, தங்கைக்கு 164.

அளந்து வந்தவன் அதே ஆய்வில் நர்ஸாக இருந்த அவள் கணவன். அவள் சொல்லி, மறுபடி போய் விசாரித்தான். அண்ணன் தன் மனைவிக்குத் தெரியாமல் அழுத்த மாத்திரை போடுகிறாராம்.

அவள் முகம் மலர்ந்தது. மாத்திரை குறைத்ததை ஈடுகட்ட, அதைப் போடுகிறவர்களின் அளவோடு பதினைந்து கூட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். கூட்டினாள். 3.1.

"இவரை மட்டும் ஏன் கேக்கச் சொன்ன?" என்றான் அவன்.

"எண் இடிக்குதே."

"இடிக்காதவங்க யாரும் மறைக்க மாட்டாங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. தோற்ற ஆட்டத்தை மட்டும் திரும்ப ஆடுகிற குழந்தை மாதிரி இருந்தது தன் காரியம். ஆனால் அறுபத்திரண்டு குடும்பங்களாயிற்றே என்று இழுத்தாள்.

"நடக்கறது என் கால். கவலை உனக்கெதுக்கு?"

முதல் தடவை அந்தந்த வீட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டது தன் தப்பு என்று ஒப்புக்கொண்டு, இம்முறை ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேட்டான். ஆறு வாரத்தில் இன்னும் பதினொரு பேர் சிக்கினார்கள். அழகாக ஒட்டி வந்த ஜோடிகள் பலவற்றில் ஒருவர் மட்டும் மாத்திரையில் இருந்தார்; பதினைந்து கூட்டியதும் அந்த ஒட்டுதல் கலைந்தது. எல்லாவற்றையும் திருத்திக் கணக்கை ஓட்டினாள். 2.3.

அதையே எழுதி அனுப்பினாள். ஆய்வுத் தலைவரிடமும் கேண்டீனிலும் வீட்டில் மாமியாரிடமும் ஒரே பதில்தான் சொன்னாள்: பரவாயில்லை, இன்னும் குடும்பங்களைச் சேர்ப்போம்.

மாமியார் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினான். ஸ்டூலை இழுத்துப்போட்டு, வீடு வீடாக உட்கார்ந்த அதே தோரணையில் உட்கார்ந்தான்.

"இங்க யாரும் இல்ல. இப்ப சொல்லு."

அவள் ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். இன்னொன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தாள்.

"மூணு வருஷம்ங்க," என்றாள். "ரொம்ப வலிக்குது."

அவன் எழுந்து, துண்டை எடுத்துத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.