விஷம் இறக்கிய பாட்டு

பழனிவேலுக்கு வித்வான்களைக் கண்டு பயம் கிடையாது. எப்பேர்ப்பட்ட கச்சேரியையும் பத்திரிகையில் வெளுத்து வாங்குகிற விமர்சகர். அப்படிப்பட்ட ஆளுக்கு ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிக்காட்டுக் கிராமத்தில், பட்டப்பகலில், கை கால் உதறிவிட்டது.

எல்லாம் அவர் எழுதிய புத்தகத்தால் வந்த வினை. அந்த ஊரில் பிறந்து பாட்டுக் கட்டிய நல்லதம்பிக் கவிராயரின் சரித்திரம் அது. கவிராயரின் பாட்டுகள் கிடைத்தன, வாழ்க்கைதான் கிடைக்கவில்லை. யுத்த காலத்தில் காகிதம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. இதில் பதிப்பாளர் வேறு, "ஒரு அற்புதம்கூட இல்லாம இது என்ன சரித்திரம்? எவன் சார் வாங்குவான்?" என்று பிடுங்கி எடுத்தார். யார் குடி முழுகிவிடப் போகிறது என்று பழனிவேலும் ஒன்றை அவிழ்த்துவிட்டார். பாம்பு கடித்த பெண்ணின் தலைமாட்டில் உட்கார்ந்து கவிராயர் புன்னாகவராளி ராகத்தில் பாடினாராம். விஷம் இறங்கி அவள் எழுந்து உட்கார்ந்தாளாம். புன்னாகவராளிக்குப் பாம்பு வரும் என்று ஊர் உலகமே சொல்கிறது. கதை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

அதைப் படித்து உருகிப்போன பண்ணையார் வைரக்கண்ணு, கவிராயருக்கு மண்டபமே கட்டிவிட்டார். குருபூஜைக்குப் பழனிவேலை வரவழைத்து ரோஜா மாலையும் போட்டார். பழனிவேல் பேச எழுந்த நேரம், பண்ணையில் கூலிவேலை செய்யும் கொளஞ்சி தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். முந்திரிச் சருகு அள்ளும்போது மலர்க்கொடியைப் பாம்பு கடித்துவிட்டது. இமைகள் தூக்க முடியாமல் தொங்கின. வாயோரம் எச்சில் வழிந்தது.

"பயப்படாதடா கொளஞ்சி, எழுதினவரே வந்திருக்காரு" என்றார் பண்ணையார். "அந்தப் பாட்ட நீங்களே பாடுங்க சார்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார் பழனிவேல்.

"அதெப்படிங்க? பாட்டு முடியறவரைக்கும் கடிபட்டவங்கள எடத்த வுட்டு அசைக்கக் கூடாதுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க!"

ஆமாம், எழுதியிருந்தார். கதைக்கு ஒரு நம்பகம் வரட்டும் என்று போகிற போக்கில் சேர்த்த வரி. இப்போது அது ஒரு குழந்தையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

கூட்டம் நெருக்கி நின்றது. காட்டிலிருந்து நேராக வந்தவர்கள். பலர் இடுப்பில் அரிவாள் இருந்தது. உண்மையைச் சொன்னால் இங்கேயே வெட்டிப் போட்டுவிடுவார்கள் என்று பட்டது. யாரோ தம்பூராவைக் கொண்டுவந்து பக்கத்தில் மீட்டத் தொடங்கினார்கள். வெட்கக்கேடு, அவர் பாடவும் ஆரம்பித்துவிட்டார்! பல்லவி முடிவதற்குள் மலர்க்கொடியின் மூச்சு இழுத்தது. கொளஞ்சியோ கைகூப்பியபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"பொய்!" என்று அலறினார் பழனிவேல். "எல்லாம் நானா கட்டிவிட்டதுப்பா! கவிராயர் பாம்புக்கடிக்குப் பாடவே இல்ல. புள்ளயத் தூக்கு, ஓடு!"

பண்ணையார் விட்ட அறையில் மூக்குக்கண்ணாடி தெறித்தது. அதற்குள் கொளஞ்சி யாரையும் கேட்காமல் பண்ணையாரின் வில்வண்டியில் மகளைக் கிடத்திவிட்டான். மாடுகள் பறந்தன.

"அதுக்கு ஒண்ணு ஆச்சு, நீ இந்த ஊரத் தாண்ட மாட்டே" என்றார் பண்ணையார். பழனிவேல் மண்டபத்தின் மூலையில் ஒண்டிக்கொண்டார். தெருவில் நாய் ஓடினாலும் சாவுச் செய்திதான் வருகிறது என்று எட்டிப் பார்த்தார். தன் உயிருக்குப் பயப்படுகிறோமா, அந்தக் குழந்தையின் உயிருக்கா என்று அவருக்கே தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வண்டிக்காரன் வந்தான். "ஊசி போட்டாங்க. கண்ணத் தொறந்துடிச்சுங்க. பொழச்சுக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

கூட்டம் பெருமூச்சு விட்டுக் கலைந்தது. பழனிவேல் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி அழுதார். போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. துண்டை உதறிக்கொண்டு எழுந்தவர், பண்ணையாரின் மருமகள் ரத்தினம்மாள் எதிரே வந்து நிற்பதைப் பார்த்தார்.

"சார், போன ஐப்பசியில எம் பையனயும் பாம்பு கடிச்சிச்சு" என்றாள். "நாந்தான் அந்தப் பாட்டப் பாடினேன். புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே, அவன அசைக்காம, மடியில போட்டுக்கிட்டு. போயிட்டான். நான் சுருதி தப்பிட்டேன், அதான் பலிக்கலன்னு சொல்லிட்டாரு மாமா. அன்னையிலேருந்து இந்த வூட்டுல எங்கூட யாரும் பேசுறதில்ல."

அரிவாள்களுக்கு நடுவே நின்றபோதுகூடப் பழனிவேல் இப்படிப் பயப்படவில்லை. ஓடிவிடலாமா என்று பார்த்தார்.

"நான் தப்பாவா சார் பாடியிருப்பேன்?"

"இல்லம்மா" என்றார். "நீங்க எப்படிப் பாடியிருந்தாலும் பலிச்சிருக்காது."

அவள் அவரைத் திட்டவில்லை, சபிக்கவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலைகுனிந்து நின்ற பண்ணையார் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டீங்களா மாமா?" என்றாள்.